புனிதனின் நெஞ்சுப் படம்

புக்கிட் ரோத்தான்,
கோல சிலாங்கூர்.
மாசி, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி புனிதனுக்கு,

அக்கா அம்சவள்ளி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் மாமாவும் மாதவியும் நானும் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் வம்புக்குப் போகாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சிறைக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். தமிழ்க் கடிதம் எல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வரும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். தாளை வீணாக்கக் கூடாது என்று பொடியாக எழுதிப் பழகிவிட்டேன். கண் வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ பேசியதைவிட இருமியதுதான் அதிகம். ஒவ்வொரு தடவையும் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாய். சத்தம் கேட்காவிட்டாலும் தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா? கேட்டதற்கு, “சிமெண்டு தரை அக்கா, குளிர்ச்சி, அவ்வளவுதான்” என்றாய். சட்டை உன் மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்குகிறது. குளிர்ச்சியினால் உடம்பு இளைக்குமா?

திரும்பி வரும்போது காரில் எப்போதும்போல மூன்று பேர்தான். மாமா ஓட்டினார். நான் முன்னால். உன்னோடு ஒரே அறையில் இருக்கும் இருசப்பனின் மனைவி தங்கமணி பின்னால். அவள் ஈஜோக் முச்சந்தியில் ஏறி அங்கேயே இறங்கிக்கொள்வாள் என்பது உனக்குத் தெரியும். மாமாவின் பழைய கஞ்சில் காரை வாய் ஓயாமல் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். “இந்த வண்டிக்கும் உள்ள தண்டனை குடுத்திருக்காங்களா அண்ணே, நகரவே மாட்டேங்குது” என்றாள். மாமா, “அப்ப எறங்கி நடந்து வா லா” என்றார். சிரித்துக்கொண்டேதான் வந்தோம். ஆனால் எனக்கு உன் தோள் குலுங்கியதுதான் கண்ணில் நின்றது.

போன ஞாயிறு நம் பழைய தோட்டத்து மண்டபத்தில் சுகாதார இலாகாக்காரர்கள் வந்து எல்லாருக்கும் இலவசமாக நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டிபி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நாம் பார்த்த ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி பெரியது இல்லை. கையில் தூக்கக்கூடிய கேமராப் பெட்டி ஒன்று, அதை ஒரு முக்காலி மேல் வைத்திருந்தார்கள். எதிரே ஒரு பலகை. பலகையில் நெஞ்சை ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தால் வேலை முடிந்தது. படம் உடனே கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. சந்தேகமான இடம் இருந்தால் கம்ப்யூட்டரே அதில் சிவப்பும் மஞ்சளும் பூசிக் காட்டுகிறது. அப்படிக் காட்டினால் சளியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

கழுத்தில் நகை இருக்கக் கூடாது என்றதும் பெண்கள் வரிசை அப்படியே நின்றுவிட்டது. யார் தாலியைக் கழற்றுவார்கள்? கிளினிக் நர்ஸ் ஜஸ்மின் மிஸ்ஸிதான் வழி சொன்னார். “கழட்ட வேணாம்மா, மேல தூக்கி வாயில கடிச்சிக்குங்க” என்றார். அப்படியே செய்தோம். தாலியைக் கடித்துக்கொண்டு மூச்சையும் பிடித்து நான் நின்ற கோலத்தைப் பார்த்து மாதவி, “அம்மா வாய மூடி நிக்கிறத இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றாள். மண்டபமே சிரித்தது. எங்கள் மூன்று பேர் படமும் சுத்தமாக வந்தது.

அந்த மிஸ்ஸி சொன்னதுதான் முக்கியம். அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாதம் நீ இருக்கும் இடத்துக்கும் வருகிறார்களாம். அங்கே எல்லாரும் அடைந்து கிடப்பதால் ஒருவருக்கு இருந்தாலும் பலருக்குப் பரவிவிடும் என்று ஒருவர் விடாமல் எடுக்கப் போகிறார்களாம்.

நீ பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது நீ சின்னப் பையன். தோட்டத்து லய வீடுகளில் அவர் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைத்தார்கள். நம் வீட்டுக் குழாயில்கூட யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் மிஸ்ஸியிடம் கேட்டேன். தட்டில் இது ஒட்டுவதே இல்லையாம் தம்பி. இருமும்போது காற்றில் போவதுதானாம். இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார்.

வைகாசியில் உன்னை லைசன்ஸ் பேரில் வெளியே விடப் போவதையும் நான் மறக்கவில்லை. தண்டனையில் மீதி இருப்பதை ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்தே கழித்துவிடலாம் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நோய் என்றால் அது தள்ளிப்போய்விடுமோ என்று பின்வாங்கிவிடாதே. உன் பேரைக் கூப்பிட்டதும் போய் நில். படம் சுத்தமாக வந்தால் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மன் உன் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
அம்சவள்ளி


புக்கிட் ரோத்தான்,
சித்திரை, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி புனிதனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். ஐயாவுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்துக்காகத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் தாளை வீணாக்குகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாதவிக்கு ரவாங் ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் அன்றைக்கு மட்டும் கேட்கிறது. தோட்டத்துக் கோவில் திருவிழா நல்லபடியாக நடந்தது. நான் பால்குடம் எடுத்தேன்.

பால்குடம் ஏன் எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். “எடுத்தாச்சுக்கா, கிளியர். கம்ப்யூட்டர் ஒரு கலரும் பூசல” என்றாய். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. நீ இருமிக்கொண்டேதான் சொன்னாய். இருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாததா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. செருப்பில்லாமல் நடந்ததில் பாதம் கொப்புளித்துவிட்டது. அதுகூட எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

இந்த மாதம் உன்னைப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பி வரும்போது ஒருவர் வாயிலிருந்து விளையாட்டாக ஒரு பேச்சு விழுந்தது. படம் எடுத்த அன்றைக்கு உள்ளே ஒரே ஆளை இரண்டு தடவை படம் எடுத்தார்கள் என்று. எல்லாருக்கும் மொட்டைத் தலை, எல்லாருக்கும் முகக்கவசம், எண்ணை வைத்துத்தான் அடையாளம், அந்த எண்ணும் சட்டையில்தான் என்று. ஒருவர் தன் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, கூட்டாளிக்காக மறுபடி போய் நின்றார் என்று. சொன்ன பிறகுதான் சொன்னவருக்கே உறைத்தது. நான் யார் என்பதை மறந்துவிட்டுப் பேசிவிட்டார். இறங்கும் வரைக்கும், சொல்லிவிடாதீர்கள் அக்கா, சொல்லிவிடாதீர்கள் என்று அழுதார்.

சொன்னவர் பேரை எழுத மாட்டேன். உனக்காக நின்றவர் பேரையும் எழுத மாட்டேன்.

ஆனால் உன்னிடம் கேட்கிறேன் தம்பி. நான் யாருடைய நெஞ்சுக்குப் பால்குடம் எடுத்தேன்? கோவிலில் போய் உட்கார்ந்து அம்மனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்தே பாலை ஏற்றுக்கொண்டிருப்பாள். நின்ற மனுஷனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, அவர் நெஞ்சு சுத்தமாக இருப்பதற்காக எடுத்ததாக இருக்கட்டும். உன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வைகாசி கண்ணுக்கு எதிரே வந்துவிட்டது. திருட்டுக் கம்பி ஏற்றிய லோரியை ஓட்டியதற்குத் தண்டனை வாங்கி இத்தனை காலம் பொறுத்தவனுக்கு, வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போக யாருக்குத்தான் மனசு வரும்? அதோடு அப்பாவின் தட்டும் உன் கண்ணை விட்டுப் போகவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் நீ படுக்கும் அறையில் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படுகிறது என்று நீதானே சொன்னாய்? உனக்காகப் போய் நின்றவரும் அங்கேதானே படுக்கிறார்? உன் மேல் பிரியம் வைத்தவருக்கு நீ கொடுப்பது இதுதானா?

மாமா ஒரு யோசனை சொன்னார். “கடிதாசியெல்லாம் எதுக்கு, நேரா ஜஸ்மின் மிஸ்ஸிகிட்ட போய் சொல்லிடு, அவங்க பாத்துக்குவாங்க. அவனுக்குத் தெரியவே வேணாம்” என்றார். நல்ல யோசனைதான். கிளினிக் வரைக்கும் போனேன். வாசலிலேயே திரும்பிவிட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்ல எனக்கு வரவில்லை தம்பி. சொல்வது என்றால் உன் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் யார் கைக்குப் போகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஐயா, இனி எழுதுவது உங்களுக்கு. என் தம்பி புனிதனுக்கு இன்னும் நெஞ்சுப் படம் எடுக்கவில்லை. அவன் பேரில் இருக்கும் படம் அவனுடையது இல்லை. அவன் பல வாரமாக இருமுகிறான், உடம்பு பாதியாகிவிட்டது. எங்கள் அப்பா இந்த நோயில்தான் போனார். தயவுசெய்து அவனைக் கூப்பிட்டு, சட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். அவனுக்காக நின்றவர் பணத்துக்காக நிற்கவில்லை, கூட்டாளி என்று நின்றார். அவரைத் தண்டிக்காதீர்கள். தண்டனை யாருக்காவது வேண்டும் என்றால் அது என் தம்பிக்கு இருக்கட்டும். அதுவும் அவன் குணமான பிறகு இருக்கட்டும்.

தம்பி, கோபம் வரும். வரட்டும். கூப்பிட்டதும் எழுந்து போ.

உன் அக்கா,
அம்சவள்ளி


புக்கிட் ரோத்தான்,
ஆனி, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி புனிதனுக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். ஐயாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. அம்மன் சன்னதியில் உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்து விளக்கு வைத்தேன். பேர் தெரியாததால் கடிதம் படிக்கும் ஐயா என்று சொல்லித்தான் வைத்தேன். பூசாரி ஒரு மாதிரி பார்த்தார்.

உன் படத்தில் வலது பக்கம் மேலே சிவப்பாகக் காட்டியது என்றும், சளியிலும் இருக்கிறது என்று வந்துவிட்டது என்றும் அதிகாரி ஒருவர் போன் செய்து சொன்னார். உன்னைத் தனியாக வைத்து மருந்து கொடுக்கிறார்கள், மாத்திரையை முன்னால் நின்று விழுங்க வைக்கிறார்கள் என்றும் சொன்னார். ஜஸ்மின் மிஸ்ஸியிடம் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுப் பழச் சாறு மாதிரி போகுமாம். ரத்தம் என்று நினைத்துப் பயந்துவிடாதே. குமட்டினாலும் நிறுத்தாதே. கொஞ்சம் தேறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றுமாம், அப்போதுதான் பலபேர் பாதியில் விட்டுவிடுகிறார்களாம். நீ விடாதே.

உன் அறையில் இருந்த எல்லாருக்கும் மறுபடி படம் எடுத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு வயசானவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து மருந்து தொடங்கிவிட்டார்களாம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் யாரோ ஒருத்தி அவருக்காக வேண்டிக்கொண்டிருப்பாள்.

இருசப்பனை இதில் மாட்டவிடக் கூடாது என்றுதான் பேரை எழுதாமல் விட்டேன். அதோடு அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் காரில் வருவது மூன்றே பேர், யார் யார், யார் எங்கே ஏறுகிறார்கள் என்பதையெல்லாம் அதற்கு முந்தின கடிதத்தில் நானே வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். எதையும் விடாமல் எழுதுகிற புத்தி எனக்கு. அதை வைத்தே அவரைக் கண்டுபிடித்து, தண்டனையாக ஒரு மாதம் அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. தங்கமணி போனில் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டாள். “பேர எழுதலையாம்! கார்ல பின்னால வேற யாரு குந்தியிருந்தா, புள்ளையாரா?” என்று கேட்டாள். அந்த மாதம் முழுக்க ஈஜோக் முச்சந்தியில் யாரும் ஏறவில்லை. மாமா மட்டும் அங்கே வந்ததும் பழக்கதோஷத்தில் வண்டியை மெதுவாக்கி, பிறகு மறுபடி ஓட்டிக்கொண்டு போனார்.

இந்த மாதம் போகும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிறை வாசல் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “எங்க வீட்டுக்காரர் நெஞ்ச மூணாவது தடவையும் எடுத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்காம். இனிமே ஆல்பம் போட வேண்டியதுதான்” என்றாள். மாமா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவள் தன் முந்தானையை நீட்டி, “தொடைச்சிக்குங்க, உள்ள போகணும்ல” என்றாள்.

உள்ளே போனோம். இருசப்பன் வந்து உட்கார்ந்தார். தூரத்திலிருந்தே எனக்குக் கைகூப்பினார். எனக்கு உடம்பு கூசிப்போனது. நீ வரவில்லை.

போன மாதமும் நீ வரவில்லை. அப்போது தனியாக வைத்திருக்கிறார்கள், விட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை காவலர் சொன்னார், இப்போது பார்க்கலாம், தடையெல்லாம் இல்லை, ஆனால் உங்கள் தம்பி வர மாட்டேன் என்கிறார் என்று. சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். நேரம் முடியும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை மனசு மாறி வருவாயோ என்று.

ரவாங் வேலைக்கு உனக்குப் பதிலாக வேறு ஒருவரை அனுப்பிவிட்டார்கள் என்பதும் தெரியும். மருந்து முடிந்து, சளி சுத்தம் என்று வந்த பிறகுதான் உன் லைசன்ஸ் விஷயத்தை மறுபடி எடுப்பார்களாம். வைகாசி போய்விட்டது. அதை உன் கையிலிருந்து பிடுங்கியது நான்தான், வேறு யாரும் இல்லை. செய்தது தப்பு என்று எழுதினால் நீ இறங்கி வருவாய் என்றால்கூட என்னால் அப்படி எழுத முடியவில்லை தம்பி. பொய்யாகிவிடும். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். மாதவி உன்னைச் சொல்லிக் கேட்கிறாள், “மாமா உன்ன மன்னிக்கலேன்னா என்னம்மா பண்ணுவ?” என்று. ஒன்றும் பண்ண மாட்டேன். மாதாமாதம் வந்து உட்காருவேன்.

அம்மனிடம் இப்போதெல்லாம் இது நடந்தால் அது செய்கிறேன் என்று பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

உன்னைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த மாதம் வருகிறோம். கோபம் ஆறாவிட்டால் ஆற வேண்டாம். போனை எடுக்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், திரும்பி உட்கார்ந்துகொள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தால் போதும். நீ இருமாமல் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்து போய்விடுகிறேன்.

நல்லா இரு தம்பி.

உன் அக்கா,
அம்சவள்ளி